ஆறுமுகசாமி வீட்டு மாடிப்படி

"அந்தத் தோட்டத்துக்கா?" என்று கேட்ட மாராத்தாள், அடுப்பில் கொதித்த காப்பித் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

ஜீவிதா கைப்பேசியைத் தாயின் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து முந்தின நாள் சாயங்காலம் வந்த செய்தி அது. முனைவர் பட்டத்துக்கான நேர்முகத் தேர்வு நடக்கிற இடத்தை வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து அனுப்பியிருந்தார்கள். அந்தப் புள்ளிக்கும் அவர்கள் குடியிருக்கும் மூங்கில்பதி காலனிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான் இருந்தது. புள்ளி இருந்த இடம் ஆறுமுகசாமிக் கவுண்டரின் மாந்தோப்பு. மாராத்தாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மருந்தடிக்கவும் காய் பறிக்கவும் போகிற தோப்பு.

"நேத்தே மேஸ்திரி சொன்னான், ஆபீசருங்க வர்றாங்க, ஊட்டுப் பக்கம் ஆருந் தலைகாட்டக் கூடாதுன்னு. அந்த ஆபீசருங்ககிட்டத்தான் நீ போறயா? வேண்டாம் புள்ள."

"போகலைன்னா எல்லாம் முடிஞ்சுது. எனக்கு வேற எடம் இல்லம்மா."

அது உண்மை. நாடு முழுக்க நடக்கும் தகுதித் தேர்வில் வென்று ஜீவிதா வாங்கியிருந்த உதவித்தொகை ஜனவரி முடிவதற்குள் எங்காவது சேர்ந்தால்தான் செல்லும். பல இடங்களுக்கு எழுதிப் போட்டதில் இரண்டு இடங்களில் கூப்பிட்டார்கள். பெங்களூரில் ஒன்று, இங்கே ஒன்று. இரண்டும் ஒரே வியாழக்கிழமை. பெங்களூருக்கு எழுதி வேறு நாள் கேட்டாள். எல்லா நேரமும் நிரம்பிவிட்டதாக இரண்டு வரியில் பதில் வந்தது. இங்கே எழுதிக் கேட்டபோது தலைமை விஞ்ஞானி மத்தியாஸ் அவரே கூப்பிட்டுப் பேசினார். தேர்வு தோட்டத்தில்தான், பூ வந்த நேரத்தில்தான் வைக்க முடியும், மாற்ற வழியில்லை என்றார். அவர்கள் ஆராய்ச்சி மாம்பூவுக்கு வரும் பூச்சிகளைப் பற்றியது. ஜீவிதா எம்.எஸ்ஸி.யில் செய்ததும் அதையேதான். யோசிக்காமல் பெங்களூரை விட்டாள். கிழக்குப் பாலக்காட்டில் எத்தனையோ மாந்தோப்புகள் இருக்க, இந்தத் தோப்பாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

மாராத்தாள் அடுப்புப் பக்கம் திரும்பிக் காப்பித் தண்ணீரை இறக்கி வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"செரி, போ. ஆனா ஆரு மவளுன்னு கேட்டா சொல்லிராத. கொல்லங்கோட்டுலிருந்து வர்றேன்னு சொல்லு."

"எங்கூருக்கே நான் வெளியூர்க்காரியாட்டம் போகோணுமா?"

"சீட்டு கெடைக்கட்டும். அப்பறம் ஆராட்டம் வேணும்னாலும் போய்க்க."

வாய்க்காலைத் தாண்டினால் தோப்பு. ஆனால் தேர்வுக்கு வருகிறவர்கள் கொல்லங்கோடு பேருந்து நிலையத்தில் நிற்க வேண்டும், அங்கிருந்து வேனில் அழைத்துப் போவோம் என்று செய்தியில் இருந்தது. அதனால் ஜீவிதா விடிந்ததும் பஸ் ஏறி ஊரை விட்டுப் போய், ஊருக்கே திரும்பி வரும் வேனில் உட்கார்ந்தாள்.

வேனில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். பொள்ளாச்சிக்காரன் கோகுல்நாத் மடியில் கணினியை வைத்துக்கொண்டு தன் ஆய்வுச் சுருக்கத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தி சின்னக்கானல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்த ஜிபி. மூணாறுவரை ஜீப்பிலும் அப்புறம் இரவு முழுக்கப் பஸ்ஸிலுமாக வந்திருந்தாள்.

"கழுத்து ஒரு பக்கமாவே நின்னு போச்சு. இண்டர்வியூல இந்தப் பக்கம் உக்கார்றவுகளுக்கு மட்டுந்தான் பதில் சொல்லுவேன்" என்றாள் ஜிபி. கோகுல்நாத்கூடச் சிரித்துவிட்டான். இருப்பது இரண்டே இடம், மூன்று பேரில் ஒருவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும் என்பது அந்தச் சிரிப்பில் கொஞ்சநேரம் மறந்து போயிற்று.

தோப்பு வாசலில் ஆறுமுகசாமி வெள்ளை வேட்டி சட்டையில் நின்றிருந்தார். மத்தியாஸ் அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு, இவரும் நம்முடைய தேர்வுக் குழுவில் ஒருவர் என்று அறிமுகப்படுத்தினார். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் உள்ளூர் மக்களின் பங்கு வேண்டும் என்று கேட்கிறார்களாம். அதனால் இந்த வருடம் விவசாயி ஒருவருக்கும் மதிப்பெண் போடும் உரிமை கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது மத்தியாஸின் முகத்தில் உண்மையான பெருமை இருந்தது. உள்ளூர் மக்கள் என்றால் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களும் உள்ளூர்தான் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

"தம்பி எந்தூருங்க?" என்று ஆறுமுகசாமி கோகுல்நாத்தைக் கேட்டார். அவன் சொன்னான். "எந்தக் கூட்டமுங்க?" அதையும் சொன்னான். "அட, நமக்கு ஒறம்பரை ஆயிட்டீங்களே" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். சாதிக்குள் எந்தக் குலப் பிரிவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் அந்தக் கேள்வி மத்தியாஸுக்குப் புரியவில்லை. விவசாயியும் மாணவனும் இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்களே என்று அவர் பூரித்துப் போனார்.

அடுத்து ஜீவிதா. அவள் வாயைத் திறக்கும் முன்பே ஆறுமுகசாமி மத்தியாஸிடம் திரும்பினார்.

"இது நம்ம மாரா மவளுங்க. நம்ம தோட்டத்து ஆளு. இத்தன தூரம் படிச்சு வந்திருக்குது, சந்தோசமுங்க."

"அப்போ லோக்கல் கேண்டிடேட். வளரே நல்லது, ரொம்ப நல்லது" என்றார் மத்தியாஸ், மலையாளம் கலந்த தன் தமிழில்.

காலையில் தோப்புக்குள் செய்முறைத் தேர்வு. ஆளுக்கு ஒரு வரிசை மரம். பூங்கொத்துகளில் எந்தப் பூச்சி வருகிறது, எவ்வளவு நேரம் உட்காருகிறது என்று கவனித்து, அதிலிருந்து ஓர் ஆய்வுக் கேள்வியை உருவாக்க வேண்டும். கோகுல்நாத் தேனீக்களைத் தேடிக்கொண்டிருந்தான். ஜிபி கழுத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். ஜீவிதா ஈக்களைப் பார்த்தாள். மாம்பூவுக்கு மகரந்தம் சுமப்பதில் ஈக்களுக்குத்தான் பெரிய பங்கு. பூ வந்த நேரத்தில் மருந்தடித்தால் அவையும் சாகும். மருந்தடித்த வரிசையிலும் அடிக்காத வரிசையிலும் காய்ப்பிடிப்பை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அவள் சொன்னபோது மத்தியாஸ் நடப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

மதியம் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வீட்டு ஹாலில் நீளமான மேசை. வாழை இலை போட்டிருந்தது. கோகுல்நாத் போனான், ஜிபி போனாள், மத்தியாஸும் அவருடைய சக விஞ்ஞானியும் போனார்கள். ஜீவிதா செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் கால் வைக்கும்போது ஆறுமுகசாமியின் மனைவி கமலாத்தாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ அங்கயே இரு கண்ணு. உனக்கு மோட்டார் ரூம்புகிட்ட எலை போட்டிருக்குது. காத்தோட்டமா இருக்கும்."

கன்றுக்குட்டியைத் தடவிக்கொடுக்கிற குரல். திட்டினால் திருப்பித் திட்டலாம். அடித்தால் போலீசுக்குப் போகலாம். கண்ணு என்று கூப்பிட்டு வாசலிலேயே நிறுத்துகிறவளிடம் என்ன செய்வது? அந்த ஊர் ஒரு சனத்தை இத்தனை காலமும் வெளியே நிறுத்தி வைத்திருப்பது இந்தக் குரலை வைத்துத்தான்.

ஜீவிதா நகரவில்லை. உள்ளே மேசையில் தலைகள் வாசல் பக்கம் திரும்பின. ஜிபி கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. மத்தியாஸ் எழுந்து வெளியே வந்தார். ஜீவிதாவை மாமரத்தடிக்கு அழைத்துப் போய், அங்கேயும் இங்கேயும் பார்த்துக்கொண்டு பேசினார். தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை என்றார். தன் வீட்டில் எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள் என்றார். பிறகு சொல்ல வந்ததைச் சொன்னார்.

"ஜீவிதா, இது ஒரு அரை மணிக்கூர் விஷயம். இந்தத் தோட்டம் இல்லைன்னா நம்ம ப்ராஜெக்ட் இல்லை. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணணும்."

"நீங்க எதை அட்ஜஸ்ட் பண்றீங்க சார்?"

அவர் உள்ளே போனார். அவருடைய இலையில் பருப்பு ஆறிக்கொண்டிருந்தது. ஜீவிதா மோட்டார் அறைப் பக்கம் போகவில்லை. பையிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மரத்தடியிலேயே நின்றாள். மோட்டார் அறைக்குப் பக்கத்தில் போட்டிருந்த இலையைக் காக்கைகள் கண்டுபிடித்துக்கொண்டன.

சாப்பாடு முடிந்ததும் வீட்டின் முன்முற்றத்தில் நாற்காலிகளைப் போட்டுத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். ஜீவிதா கடைசி. காலையிலிருந்து வயிற்றில் காப்பி மட்டும்தான். பூச்சிகளின் வகைப்பாடு, புள்ளியியல், மருந்தடிக்காத கட்டுப்பாட்டு வரிசையை எப்படித் தேர்ந்தெடுப்பாய் என்று மத்தியாஸும் மற்றவரும் மாறி மாறிக் கேட்டார்கள். அவள் நிதானமாகச் சொன்னாள். தெரியாத ஒன்றைத் தெரியாது என்றாள். அவர்கள் தலையாட்டிக்கொண்டார்கள். அப்புறம் மத்தியாஸ், விவசாயி என்ற முறையில் நீங்களும் ஏதாவது கேளுங்கள் என்று ஆறுமுகசாமியைப் பார்த்தார்.

"அம்மிணி நல்லாப் பேசுது. ஈயும் பூச்சியும் எனக்குத் தெரியாதுங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான். மைக்ரோஸ்கோப்பு, ப்ரிட்ஜு எல்லாம் நம்மூட்டு மாடியில வெக்கப் போறீங்க. மாடிப்படி ஊட்டுக்குள்ள இருக்குது. வெளிப்படி கெடையாது. இந்தப் புள்ள எப்பிடி ஏறும்?"

மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"காலாலதானுங்க ஏறுவேன்" என்றாள் ஜீவிதா.

இரண்டாவது விஞ்ஞானி இருமினார். ஆறுமுகசாமி சிரிப்பை விடவில்லை. தான் இதெல்லாம் பார்க்கிற ஆளில்லை என்றும், வீட்டுக்குள் பூசை அறை இருக்கிறது, பொம்பளைகளுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, அவர்கள் மனசு நோகக் கூடாது என்றும் சொன்னார். தன் சாதியைத் தன் மனைவியின் தலையில் ஏற்றிவிட்டுத் தான் சுத்தமாக உட்கார்ந்துகொண்டார். அது டெக்னிக்கல் விஷயம், பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று மத்தியாஸ் அவசரமாக முடித்துவைத்தார். வழக்கமாக எல்லோரிடமும் கேட்கிற கடைசிக் கேள்வியை அவளிடமும் கேட்டார்: எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?

"ஒண்ணே ஒண்ணு சார். மத்த ரெண்டு பேருகிட்டயும் மாடிப்படி ஏறுவீங்களான்னு கேட்டீங்களா?"

மத்தியாஸ் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"கேக்கலைன்னா, என்னோட மார்க்குல அதைச் சேத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு ஜீவிதா எழுந்தாள்.

வேனில் ஏறப் போகும்போது ஜிபி அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏ பிள்ள, நான் எந்திரிச்சு வெளிய வந்திருக்கணும். வரல. எனக்கும் சீட் வேணும்ல."

"சாப்பாடு நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதான் கோவமா வருது" என்றாள் ஜிபி. அவள் கண் கலங்கியிருந்தது.

ஜீவிதா வேனில் ஏறவில்லை. வாய்க்காலைத் தாண்டி வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போன மாராத்தாள், போன வேகத்தில் திரும்பி வந்தாள். கொஞ்ச நாளைக்கு நிற்கச் சொல்லிக் கவுண்டர் சொன்னதாக மேஸ்திரி சொல்லியனுப்பிவிட்டான். ஏன் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மகளைத் திட்டப் போகிறவள்போல வேகமாக வந்தவள், வாசலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மருந்தடிச்சு மருந்தடிச்சு எனக்கு மூச்சு வாங்குது. அப்பெல்லாம் என்ர கைக்குத் தீட்டில்ல. நான் பறிச்ச மாங்காயத்தான் வருசா வருசம் அவங்க பூசை ரூம்புல வெச்சுக் கும்புடறாங்க. மாங்காய் உள்ள போலாம். நீ போகக் கூடாது."

ஜீவிதா தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தாய் இவ்வளவு கோபமாகப் பேசி அவள் கேட்டதில்லை. கோபம் தன்மேல் இல்லை என்பது புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

டிசம்பர் கடைசியில் மத்தியாஸ் கூப்பிட்டார். இடம் கிடைத்துவிட்டது. ஜீவிதாவுக்கும் கோகுல்நாத்துக்கும். ஆறுமுகசாமி அவளுக்கு மிகக் குறைவாகத்தான் போட்டிருந்தாராம். அறிவியல் மதிப்பெண்ணில் அவள் மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னால் இருந்ததால் அது அவளைக் கவிழ்க்கவில்லையாம். அத்தோடு நிறுத்தியிருந்தால் அவள் நன்றி சொல்லியிருப்பாள். ஆனால் மத்தியாஸ் மிகுந்த சந்தோஷத்தில் இருந்தார்.

"இன்னொரு நல்ல விஷயம். மாடிக்கு வெளியில இருந்து இரும்புப் படி வெச்சாச்சு. ஆறுமுகசாமி சார் சொந்தச் செலவில் செஞ்சு தந்தார். எத்ர நல்ல மனசு பாருங்க. இனி யாருக்கும் ஒரு பிரச்சனையும் இல்லை."

ஜீவிதா வாழ்த்துக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். மாராத்தாளிடம் இரும்புப் படியைப் பற்றிச் சொன்னாள். அவள் அப்போது வேறொரு தோப்புக்கு, இரண்டு பஸ் மாறி, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"எம்பட வேலை போயிருச்சு. இனி எனக்காகன்னு நீ பயப்பட ஒண்ணுமில்ல" என்றாள் மாராத்தாள். "எந்தப் படியில ஏறோணும்னு நீயே பாத்துக்க."

ஜனவரியில் சேர்ந்த நாளன்று தோப்பு முழுக்கப் பூத்திருந்தது. இரும்புப் படி வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைக்கும் கக்கூஸ் தொட்டிக்கும் நடுவில், பச்சைப் பெயிண்ட் மினுமினுக்கச் சுற்றிச் சுற்றி மாடிக்கு ஏறியது. ஆறுமுகசாமி ஹாலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மத்தியாஸ் மாடியில் கருவிகளைப் பொருத்திக்கொண்டிருந்தார். கோகுல்நாத் முன்வாசல் வழியாகப் போனான். கமலாத்தாள் அவனுக்கு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு உள்படியில் ஏறினான்.

ஜீவிதா செருப்பைக் கழற்றி, அவனுடைய செருப்புக்குப் பக்கத்தில் விட்டாள்.

"கண்ணு, உனக்குப் படி அங்க இருக்குது" என்றாள் கமலாத்தாள்.

"பாத்தேனுங்க. நல்லா இருக்குது. வத்தல் காயப்போட நீங்க ஏறி எறங்க வசதியா இருக்கும்."

சொல்லிக்கொண்டே அவளைத் தாண்டி உள்ளே நடந்தாள். பூசை அறையைக் கடந்தாள். செய்தித்தாளையும் கடந்தாள். அது சற்று மேலே உயர்ந்து ஆறுமுகசாமியின் முகத்தை முழுக்க மறைத்துக்கொண்டது. மாடியில் மத்தியாஸ் இருக்கும்போது, தோட்டத்துக்கு வாடகை தருகிற ஆளின் காதில் விழும்படி, ஆறுமுகசாமியால் சத்தம் போட முடியாது. செய்தித்தாளின் ஓரமாக மனைவியைப் பார்த்துக் கண்ணை மட்டும் காட்டினார்.

ஜீவிதா மேல்படியில் கால் வைக்கும்போது கீழே சளார் என்று தண்ணீர் விழுந்தது. கமலாத்தாள் வாளியோடு வந்து, அவள் மிதித்த ஒவ்வொரு படியாக ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். மத்தியாஸ் எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்ததை யாரும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார்.

ஜீவிதா செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு முறை இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம்வரை மணிக்கொரு தடவை தோப்புக்குள் போய், வலையில் பூச்சி பிடித்து, உடனே மாடிக்குக் கொண்டுவந்து குளிரில் வைக்க வேண்டும். அதை வகுத்தவர் மத்தியாஸ். ஜீவிதா ஒரு தடவையைக்கூடத் தவறவிடவில்லை. ஈரப் படியில் வழுக்காமல் பக்கச்சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வலையோடு திரும்பி வந்து ஏறினாள். தண்ணீர் விழுந்தது. மறுபடி இறங்கினாள். மறுபடி ஏறினாள். மறுபடி தண்ணீர். நடுவில் கோகுல்நாத் இரண்டு தடவை ஏறி இறங்கினான். அவன் கால் பட்ட படிகள் காய்ந்துகொண்டிருந்தன.

மதியத்துக்குள் கமலாத்தாளின் சேலை முழங்கால்வரை நனைந்துவிட்டது. ஜீவிதா வலையோடு வந்தபோது அவள் முதல் படியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாளி பக்கத்தில் இருந்தது. வழிவிட்டு ஒதுங்கிய அவள், அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:

"இன்னும் எத்தன வாட்டி எறங்குவே?"

இந்தத் தடவை அவள் கண்ணு என்று கூப்பிடவில்லை.

"மணிக்கொரு வாட்டிங்க. தோட்டத்துல பூ இருக்கற வரைக்கும்."

ஜீவிதா ஏறிப் போனாள். கமலாத்தாள் காலியான வாளியைப் பார்த்தாள். ஹாலில் செய்தித்தாள் அசையாமல் விரிந்திருந்தது. காலையிலிருந்து அதே பக்கம்.

"ஏனுங்க," என்று கூப்பிட்டாள், வாளியைக் காலால் ஹால் பக்கம் தள்ளி. "இனி நீங்களே வந்து ஊத்துங்க."